1,800 வெள்ளியில் (ரிங்கிட்) எஸ்பிரெசோ கிரைண்டர்: புதுசு எடுப்பதா, கஃபேயில் ஓடிய பழசா?

செந்தூல்_கோப்பி:

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் 58 மி.மீ. போர்ட்டாஃபில்டர் (தூள் போடும் கைப்பிடிக் கிண்ணம்) வைத்த எஸ்பிரெசோ மெஷின் இருக்கிறது. காலையில் இரண்டு கப், சில நாள் மாலையில் ஒன்று. எல்லாமே பால் கலந்ததுதான். இப்போதுள்ள கிரைண்டரில் தூளின் நுண்மையை மாற்றும் வளையம் படிப்படியாக நகரும் வகை. ஒரு படியில் 18 கிராம் தூளுக்கு 36 கிராம் கோப்பி 18 வினாடியிலேயே கொட்டிவிடுகிறது. அடுத்த படிக்குப் போனால் 45 வினாடி இழுக்கிறது. எனக்கு வேண்டிய 25–30 வினாடி அந்த இரண்டு படிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

முடா விற்பனைத் தளத்தில் மாஸர் சூப்பர் ஜாலி கிரைண்டர் ஒன்று 1,100 வெள்ளிக்கு வந்திருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் மூடிய ஒரு கஃபேயின் சாமான், டோசர் (அரைத்த தூளைச் சேர்த்துவைத்து அளந்து தள்ளும் பெட்டி) வைத்தது. “நல்லா ஓடுது” என்பதற்கு மேல் விற்பவர் எதுவும் சொல்லவில்லை. புதுசு என்றால் டிஎஃப்64 அல்லது யுரேகா மின்யோன் வகையில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். கொண்டோ சமையலறையில் மேடைக்கும் மேல் அலமாரிக்கும் இடைவெளி 50 செ.மீ. எதை வைத்து முடிவு செய்வது?

பட்டர்வொர்த்_ஸ்பேனர்:

தம்பி, “நல்லா ஓடுது” என்றால் மோட்டார் ஓடுகிறது என்றுதான் அர்த்தம். மாஸர் மோட்டார் லேசில் சாகாது. தேய்வது பர், அதாவது கொட்டையை அரைக்கும் பல் தட்டு. அது எத்தனை கிலோ அரைத்திருக்கிறது, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். வயதைக் கேட்டுப் பயனில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் இரண்டு கப்புக்கு 36 கிராம், வருஷத்துக்கு 13 கிலோ. மாலைக் கப்பைத் தினமும் சேர்த்தாலும் 20 கிலோவைத் தாண்டாது. ஒரு ஜோடி 64 மி.மீ. எஃகுப் பர் 400 கிலோ தாங்கும் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு 20 வருஷம் வரும். வாரம் 10 கிலோ ஓட்டும் கஃபேயில் அதே பர் பத்து மாதத்துக்குள் தீர்ந்துவிடும். மூடப்போகிற கடையில் கடைசி மாதங்களில் யாரும் புதுப் பர்ருக்குக் காசு போட மாட்டார்கள். அதனால் புதுப் பர் ஜோடி என்ன விலை என்று முதலில் விசாரித்து, அதை 1,100-உடன் கூட்டுங்கள். அந்தத் தொகைதான் இந்தக் கிரைண்டரின் உண்மையான விலை.

நேரில் போகும்போது ஸ்க்ரூடிரைவர், பிரஷ், டார்ச், நீங்கள் வழக்கமாக வாங்கும் கொட்டையில் 200 கிராம் கொண்டு போங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹாப்பரை (மேலே கொட்டை போடும் கூடு) எடுங்கள். அளவு மாற்றும் வளையத்தை முழுக்கச் சுற்றினால் மேல் பர்ரோடு கழன்று வரும். அடியில் மூன்று ஸ்பிரிங் இருக்கும், தவறவிடாதீர்கள். பர்ரின் விளிம்பில் நகத்தை மெதுவாக இழுங்கள். கூராக இருந்தால் நகத்தைப் பிடிக்கும். வழுக்கிக்கொண்டு போனாலோ, டார்ச் அடித்தால் விளிம்பெல்லாம் பளபளத்தாலோ தேய்ந்துவிட்டது. கொட்டையோடு கல் விழுந்திருந்தால் பல்லில் உடைவு தெரியும்.

அடுத்து கீழ்ப் பர்ரைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்றாலோ பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் போயிருக்கிறது. அதற்கு மோட்டாரையே கழற்ற வேண்டும், அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சுவிட்ச் போட்டதும் “ம்ம்ம்” என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கபாசிட்டர்தான். கோலாலம்பூரில் ஜாலான் பசார் கடைகளுக்குப் பழசை எடுத்துப்போய், அதே மைக்ரோஃபாரட், அதே வோல்டேஜில் கேளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும், அதை டிஸ்சார்ஜ் செய்யாமல் விரல் வைக்கக் கூடாது.

கடைசியாக, எல்லாம் மாட்டியபின் கொட்டை போடாமல் ஓடவிட்டு, வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நுண்மைப் பக்கம் திருப்புங்கள். பர்கள் உரசத் தொடங்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும். கேட்டவுடன் பின்வாங்குங்கள். அதுதான் பூஜ்ஜியம். அங்கிருந்து ஒரு மயிரிழை தள்ளி வைத்து அரைத்தும் தூள் கொரகொரவென்று இருந்தால் பர் தேய்ந்திருக்கிறது, அல்லது சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

பாயான்_லெப்பாஸ்_மாலா:

ஸ்பேனர் அண்ணன் சொன்னதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: அதில் எந்தக் கொட்டையை அரைத்தார்கள்? நம்ம ஊர்க் கோப்பிக் கடைக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பார்கள். அந்தச் சீனி பர் இடுக்கிலும் தூள் வெளியேறும் வாயிலும் கெட்டியாகப் படிந்துவிடும், பிரஷ்ஷுக்கு அசையாது. மேல் பர்ரைக் கழற்றியதும் கறுப்பாகப் பசைபோல ஒட்டியிருந்தால் அதுதான். பர்ரை முழுக்கக் கழற்றிச் சுரண்டியாக வேண்டும். தண்ணீரில் ஊறப்போட்டால் நம் ஈரக்காற்றில் மறுநாளே துரு ஏறும். அரிசி போட்டு அரைத்துச் சுத்தம் செய்யும் வழக்கமும் வேண்டாம். பச்சரிசி வறுத்த கொட்டையைவிடக் கடினம், மோட்டார் திணறி நிற்கும். கிரைண்டருக்கென்றே விற்கும் சுத்தம் செய்யும் மாத்திரை 40 கிராம் ஓட்டி, பின்னாலேயே கொஞ்சம் பழைய கொட்டை ஓட்டினால் போதும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சூப்பர் ஜாலி எடுக்க மாட்டேன். கிரைண்டர் நல்லதுதான், ஆனால் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. 14 கிலோ கனம். ஹாப்பரோடு உங்கள் 50 செ.மீ. இடைவெளியில் நுழையாது, குட்டை ஹாப்பர் தேட வேண்டும். அதைவிடப் பெரிய தொந்தரவு டோசர். கஃபேயில் விடாமல் அரைப்பதால் தூள் தங்கினாலும் உடனே வெளியே போய்விடும். வீட்டில் காலை எட்டு மணிக்கு உள்ளே தங்கிய தூள் மாலை ஆறு மணிக் கப்பில் விழும். ஒவ்வொரு முறையும் பிரஷ் போட்டுத் தட்டி எடுக்கவேண்டும். ஹாப்பரில் 18 கிராம் மட்டும் போட்டால் மேலிருந்து அழுத்தக் கனம் இல்லாமல் கொட்டை துள்ளும், கடைசிச் சில கொட்டை அரைபடவே நேரமாகும், தூளும் சமமாக வராது.

தினம் இரண்டு மூன்று பால் கோப்பிக்கு 55 மி.மீ. பர்ரே தாராளம். படியில்லாமல் நகரும் வளையம்தான் உங்களுக்கு முக்கியம். மின்யோன், டிஎஃப்64 இரண்டிலும் அது இருக்கிறது, இரண்டும் 40 செ.மீ.க்குள் அடங்கும்.

கிள்ளான்_கைச்சுற்று:

ரெண்டு கப்புக்கு மின்சாரமே எதுக்குங்க? 1Zபிரெசோ ஜே-அல்ட்ரா மாதிரி கைக் கிரைண்டரைப் பாருங்க. ஒரு சொடுக்குக்கு 8 மைக்ரான்தான் நகரும், அந்த 18க்கும் 45க்கும் நடுவுல நிக்க நிறைய இடம் கிடைக்கும். பழசா வாங்கினாலும் உள்ளே பார்க்க மோட்டாரும் இல்ல, கபாசிட்டரும் இல்ல. தண்டு ஆடுதா, பர் விளிம்பு கூரா இருக்கான்னு பார்த்தா போதும். லைட் ரோஸ்ட் (லேசா வறுத்த) கொட்டைன்னா கை வலிக்கும், அதை மட்டும் யோசிச்சுக்குங்க.

செந்தூல்_கோப்பி:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவும் போடுவார், அதனால் கைக் கிரைண்டர் சரிவராது. சூப்பர் ஜாலியை விட்டுவிட்டேன். புதுசு வாங்கினால் எதையும் பார்க்காமல் வாங்கலாமா? மின்யோன் பழசு ஒன்று சுபாங்கில் 900 வெள்ளிக்கு இருக்கிறது, வீட்டில் மூன்று வருஷம் ஓடியதாம்.

பட்டர்வொர்த்_ஸ்பேனர்:

புதுசிலும் பர் சாய்ந்து வருவது உண்டு. திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, பர்ரின் வெளி விளிம்பில் ஒயிட்போர்டு மார்க்கர் பூசி, உரசும் வரை மூடி, கையால் மெதுவாகச் சுற்றித் திறங்கள். மை சுற்றிலும் சமமாக அழிந்திருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் முதலில் பர்ருக்கு அடியிலும் திருகு ஓட்டையிலும் தூள் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், பாதிக் கோளாறு அதுதான். அப்படியும் சரியாகாவிட்டால் அழியாத பக்கம் அடியில் அலுமினியத் தாள் துண்டு வைத்து மட்டம் பிடிக்கலாம். புதுப் பர் முதல் சில கிலோ வரை நிலையாக நிற்காது, முதல் பையை வைத்து எடை போடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் மலிவுச் சரக்கில் வோல்டேஜைப் பாருங்கள். 110 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் கிரைண்டரை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டினாலும் இங்கே 50 ஹெர்ட்ஸ்தான், சாதாரண ஏசி மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றிச் சூடாகும்.

சுபாங் மின்யோன்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில் மூன்று வருஷம் என்றால் 40, 50 கிலோ அரைத்திருக்கும், பர் இன்னும் இளசு. நான் சொன்ன நகச் சோதனை, கீச்சுச் சோதனை இரண்டையும் செய்யுங்கள், ரசீது கேளுங்கள். வாயில் எண்ணெய் நாற்றம் அடித்தால் சுத்தம் செய்யும் வேலையைச் சொல்லி 800-க்குக் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அளவு வளையத்தை நுண்மைப் பக்கம் திருப்புவது மோட்டார் ஓடும்போது மட்டும்தான். நின்றிருக்கும்போது திருப்பினால் இடையில் சிக்கிய கொட்டை நசுங்கி அடைத்துக்கொள்ளும்.