125 கேவிஏ டீசல் ஜெனரேட்டரில் குழாய் கேஸும் சேர்த்து ஓட்டலாமா?

காம்பேக்டிங்காரன்:
கோவைப் பக்கம் சின்ன காம்பேக்டிங் யூனிட் (பின்னல் துணியை நீராவி காட்டி அழுத்திச் சீராக்கும் பட்டறை) வைத்திருக்கிறேன். எங்கள் ரோடு வரைக்கும் இயற்கை எரிவாயுக் குழாய் வந்துவிட்டது. ஜெனரேட்டர் 125 கேவிஏ, மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய எஞ்சின். டீசலோடு கேஸையும் சேர்த்து எரிக்க வைக்கிற டூயல் ஃப்யூயல் கிட் போட்டால் டீசல் 70 சதவீதம் மிச்சமாகும், எஞ்சினைப் பிரிக்க வேண்டாம், ஸ்பார்க் பிளக்கும் வேண்டாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். பிளக் இல்லாமல் கேஸ் எப்படி எரியும்? நடுவில் கேஸ் நின்றுபோனால் மெஷினும் நின்றுவிடுமா?

பம்ப் மெக்கானிக்:
பிளக் வேண்டாம் என்பது சரிதாங்க. மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ள 540 டிகிரி செல்சியஸ் போல வேண்டும், டீசலுக்கு அதில் பாதி சூடே போதும். ஏர் ஃபில்டருக்கு அப்புறம் ஒரு மிக்ஸர் வைத்து, காற்றோடு கேஸைக் கலந்து உள்ளே விடுவார்கள், பிஸ்டன் மேலே வரும்போது இன்ஜெக்டர் கொஞ்சம் டீசலைத் தெளிக்கும், அது பற்றி கேஸையும் பற்றவைக்கும். கேஸ் உள்ளே போனதும் ஆர்பிஎம் ஏறப் பார்க்கும், வேகத்தைச் சீராக வைக்கிற கவர்னர், பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ரேக்கைப் பின்னால் இழுத்து டீசலைக் குறைத்துவிடும். கேஸ் நின்றால் அதே கவர்னர் டீசலைக் கூட்டிக்கொள்ளும், லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும், அவ்வளவுதான். ஆனால் டீசல் தீர்ந்தால் கேஸ் மட்டும் வைத்து ஓட்ட முடியாது. சிஎன்ஜி கார் மாதிரி சுவிட்ச் போட்டு மாற்றுகிற சமாச்சாரம் இல்லை இது.

ஷிப்ட் இன்சார்ஜ்:
அந்த 70 சதவீதம் எந்த லோடில் என்று ஏஜென்ட்டிடம் கேட்டீர்களா? அதைத்தான் யாரும் சொல்வதில்லை. டெல்லி சுற்றுவட்டாரத்தில் காற்று மாசுக்காக ஜெனரேட்டர்களை 70 கேஸ், 30 டீசல் என்று மாற்றச் சொன்னார்கள், அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள். டீசல் எஞ்சினில் காற்றைக் கட்டுப்படுத்துகிற த்ராட்டில் கிடையாது, லோடு குறைந்தாலும் காற்று முழுசாகப் போகும், அதில் கொஞ்சம் கேஸைக் கலந்தால் கலவை ரொம்ப நீர்த்துப் போய் ஒரு பகுதி எரியாமல் சைலன்ஸர் வழியாகவே போய்விடும். காசும் போச்சு, மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும் என்பதால் மாசு குறைந்த கதையும் போச்சு. லோடு ரொம்ப ஏறினால் வேறு தொல்லை, கேஸ் கண்டபடி வெடித்து எரிந்து எஞ்சின் தட்டுகிற நாக்கிங் வரும். நடு லோடிலிருந்து முக்கால் லோடு வரைதான் இது நன்றாக வேலை செய்கிற இடம்.

கணக்கு சுலபம். ஒரு கன மீட்டர் கேஸில் ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசலின் சக்தி இருக்கிறது. 75 கிலோவாட்டில் மணிக்கு 20 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள், 60 சதவீதம் கேஸுக்கு மாறினால் 8 லிட்டர் டீசல், 12 கன மீட்டர் கேஸ். உங்கள் பில் விலையைப் போட்டுப் பாருங்கள். உங்கள் லோடு எவ்வளவு, மாதம் எத்தனை மணி நேரம் ஓடும்?

பம்ப் மெக்கானிக்:
இன்னொன்று விட்டுப்போச்சு. இன்ஜெக்டர் நுனியைக் குளிர வைப்பதே அதில் ஓடுகிற டீசல்தான். பேராசைப்பட்டு டீசலை அளவுக்கு மேல் குறைத்தால் நாஸில் சூடேறி ஓட்டையில் கரி கட்டிவிடும். சிலிண்டருக்குச் சிலிண்டர் எக்ஸாஸ்ட் சூடு காட்டுகிற சென்சாரும், சூடு எல்லை தாண்டினால் கேஸை நிறுத்துகிற வால்வும் இல்லாத கிட்டைத் தொடாதீர்கள். அப்புறம், இந்த கேஸ் காற்றைவிட லேசு, ஷெட் கூரையில் காற்றுப் போக்கி வேண்டும். குழாய் கேஸ் வராத நாளில் எல்பிஜி சிலிண்டரை மாட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் விரட்டிவிடுங்கள், டீசல் எஞ்சினுக்குள் இருக்கிற அதிக அழுத்தத்தில் அது சீக்கிரமே தட்ட ஆரம்பிக்கும்.

காம்பேக்டிங்காரன்:
லோடு 30 கிலோவாட் தாண்டாதுங்க. கரண்ட் போகிற நேரம் மட்டும்தான் ஓட்டுவோம், வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் வந்தால் அதிகம்.

ஷிப்ட் இன்சார்ஜ்:
அப்போ கிட்டை மறந்துவிடுங்கள், 125 கேவிஏ மெஷினுக்கு அது ரொம்பக் குறைந்த லோடு, ஓடுகிற நேரமும் குறைவு, போட்ட காசு திரும்ப வராது. கனெக்ஷனை வாங்கி ஸ்டீம் பாய்லருக்குக் கொடுங்கள், தினமும் எரிவது அதுதானே. பர்னர் மாற்ற எவ்வளவு ஆகும் என்று முதலில் ஒரு கொட்டேஷன் வாங்குங்க.