ஸ்விண்டனில் பிறந்த சிவிக்கை திரும்ப இங்கிலாந்துக்கே கொண்டுபோகலாமா?

ராலேக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஏழு வருடமாக நார்த் கரோலினாவில் ராலே பக்கம் இருக்கிறோம். ஆகஸ்டில் வேலை மாற்றலாகி இங்கிலாந்து போகிறோம், ரெடிங்கில் வீடு பார்த்தாயிற்று. சோபா, கட்டில், டிவி எல்லாம் விற்றாகிவிட்டது. கார் விஷயத்தில் மட்டும் மனசு வரவில்லை.

2018 ஹோண்டா சிவிக் ஹேட்ச்பேக், எல்எக்ஸ், 1.5 டர்போ, மேனுவல் கியர். 52,000 மைல்தான் ஓடியிருக்கிறது, ஒரு நாள் வழியில் நின்றதில்லை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் விற்ற அந்தத் தலைமுறை ஹேட்ச்பேக் எல்லாம் இங்கிலாந்தில் ஸ்விண்டன் தொழிற்சாலையில் செய்து கப்பலில் வந்தவை. டிரைவர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் ஹோண்டாவின் பிரிட்டன் கம்பெனி பெயர்தான் இருக்கிறது. சேசிஸ் எண்ணும் எஸ்-எச்-எச் என்று தொடங்குகிறது. ரெடிங்கிலிருந்து ஸ்விண்டன் ஒரு மணி நேரம்தானாம். பிறந்த வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி அல்லவா?

ஸ்டீயரிங் இடப்பக்கம் என்பது தெரியும், அதைச் சமாளித்துக்கொள்வேன். மற்றபடி இதுவும் அங்கே ஓடுகிற சிவிக்கும் ஒரே கார்தானே? இன்னொரு சந்தேகம். மான்செஸ்டரில் இருக்கும் நண்பனும் இதே 1.5 தான் வைத்திருக்கிறான். அவனுக்கு 46 எம்பிஜி, அதாவது கேலனுக்கு 46 மைல், வருகிறதாம். எனக்கு 36ஐத் தாண்டியதே இல்லை. அவன் பிரோஷரில் 182 குதிரைசக்தி, என்னுடையதில் 174. எங்கள் தலையில் மட்டமான எஞ்சினைக் கட்டிவிட்டார்களா?

தேம்ஸ்கரை:

எம்பிஜி கதைக்கு முதலில் பதில். உங்கள் கேலன் 3.785 லிட்டர். இங்கே கேலன் 4.546 லிட்டர். உங்கள் 36ஐ இந்த ஊர் கேலனில் போட்டால் 43 வந்துவிடும். மிச்சம் இருக்கிற 3 நண்பரின் கால் பழக்கமாக இருக்கலாம், வாய்ப் பழக்கமாகவும் இருக்கலாம்.

குதிரையும் அப்படித்தான். இங்கே பிரோஷரில் போடுவது பிஎஸ், அதாவது மெட்ரிக் குதிரை. 182 பிஎஸ் உங்கள் ஊர்க் கணக்கில் 179.5. ஐந்தாறு குதிரை வித்தியாசம் நிஜம், எட்டு இல்லை.

பெட்ரோல் பங்கிலும் குழம்பாதீர்கள். அங்கே 87 போட்டுப் பழகியவர் இங்கே 95 என்று பார்த்ததும் உயர்ந்த ரகம் என்று நினைத்துவிடுவார். அந்த எண் பெட்ரோலின் ஆக்டேன் அளவு. இங்கே எழுதுவது ரான் என்ற ஒரே அளவு. அங்கே எழுதுவது ரான், மான் என்ற இரண்டு அளவுகளின் சராசரி. இங்கே சாதாரணமாகக் கிடைக்கிற 95ஐ உங்கள் காருக்குத் தாராளமாகப் போடலாம்.

சுங்கம்: குடிபெயர்பவருக்கான வரிச் சலுகைக்கு நீங்கள் 12 மாதமாவது பிரிட்டனுக்கு வெளியே வசித்திருக்க வேண்டும், கார் 6 மாதமாவது உங்கள் கையில் ஓடியிருக்க வேண்டும். வந்தபின் 12 மாதம் விற்கக்கூடாது. வந்து இறங்கிய 14 நாளுக்குள் வரித்துறைக்குச் சொல்லிவிடுங்கள். விளக்கு, சோதனை விஷயமெல்லாம் கராஜ் அண்ணன் வந்து சொல்வார்.

கராஜ்காரன்:

தம்பி, கூப்பிட்டதுக்கு வந்துவிட்டேன். நான் ஸ்விண்டனில் 19 வருடமாக கராஜ் வைத்திருக்கிறேன். உங்களுடைய வாகனத்தின் கூடப்பிறந்ததுகள் கிழமைக்கு இரண்டு மூன்றாவது என் கைக்கு வரும். அந்தத் தொழிற்சாலை 2021 ஜூலையோடு மூடுப்பட்டுவிட்டது. அங்கே வேலை செய்த கனபேர் இன்னும் என்னிடம்தான் ஒயில் மாற்ற வருகிறார்கள்.

நீங்கள் சொன்ன அந்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒருக்கால் வாசியுங்கள். மேலே பிரிட்டன் கம்பெனி பெயர் இருக்கும், சரி. கீழே சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது? இந்த வாகனம் அமெரிக்க மத்திய அரசின் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்றது என்று இருக்கும். இங்கே சோதனைக்குப் போனால் முட்டுகிற இடம் அந்தக் கீழ் வரிதான்.

முன் லைற்றிலிருந்து தொடங்குவோம். போன வருடம் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வாகனம் கொண்டுவந்தார், வேறு மாடல். இரவு கராஜின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் அதை நிறுத்தி டிப் பீம், அதாவது கீழ்நோக்கி அடிக்கும் வெளிச்சம், போட்டேன். வெளிச்சத்தின் மேல் விளிம்பு இடப்பக்கம் தட்டையாகப் போய், நடுவில் திரும்பி, வலப்பக்கம் மேலே ஏறியது. பக்கத்தில் இந்த ஊர் வாகனம் ஒன்றை நிறுத்தினேன். அதில் இடப்பக்கம் ஏறியது. வலப்பக்கம் ஓடும் நாட்டில் ஏறுகிற வெளிச்சம் ரோட்டோர நடைபாதையைக் காட்டும். இங்கே அதே வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில்தான் விழும். சரிசெய்து பார்க்கலாம் என்று திருகாணியைத் திருப்பிப் பிரயோசனம் இல்லை, அது உயரத்தைத்தான் மாற்றும். முழு லைற்றையும் மாற்ற வேண்டும், இரண்டு பக்கமும்.

அடுத்தது பின்பக்கம். சிக்னல் லைற் சிவப்பாக மின்னுவதை அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அங்கே கனக்க வாகனங்களில் பிரேக் லைற்றே சிக்னலாகவும் மின்னும். இங்கே அம்பர் மட்டும்தான். பின் பனி லைற் அங்கே கட்டாயம் இல்லை. இங்கே 1980 ஏப்ரலிலிருந்து கட்டாயம், அதுவும் நடுவில் அல்லது வலப்பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்கிப் பூட்டி, வயர் இழுத்து, சுவிட்ச் வைத்து, அது எரிகிறதென்று ட்ரைவருக்குக் காட்ட டாஷ்போர்டிலும் ஒரு சின்ன லைற் வைக்க வேண்டும். முன்னால் பார்க்கிங் லைற் என்ன நிறம் என்று பாருங்கள். அங்கே அம்பரும் செல்லும், இங்கே வெள்ளை வேண்டும். வெள்ளை என்றால் ஒரு செலவு மிச்சம்.

கண்ணாடி விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். உங்கள் வலப்பக்கக் கண்ணாடியில், தெரியும் பொருள் உண்மையில் இன்னும் கிட்ட இருக்கிறது என்று எழுதியிருக்கும். அது குவிந்த கண்ணாடி. ட்ரைவர் பக்கத்துக் கண்ணாடி தட்டையாக இருக்க வேண்டும் என்பது அங்கத்தைய விதி. இங்கே இரண்டு பக்கமும் குவிந்ததுதான் வரும், ஒன்றிலும் எழுத்து இல்லை. நீங்கள் இங்கே வந்து ஓடும்போது, வாகனங்கள் முந்திப் போகிற பக்கத்தில் எச்சரிக்கைக் கண்ணாடி, நடைபாதைப் பக்கம் அந்த அருமையான தட்டைக் கண்ணாடி. லொறிக்குப் பின்னால் போய் முந்தவேண்டி வந்தால் உங்கள் மனைவிதான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத வித்தியாசமும் இருக்கிறது. அமெரிக்காவில் பெல்ற் போடாத பொம்மையை வைத்தும் மோதிப் பார்ப்பார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் பெரியவர்கள் பெல்ற் போடவேண்டும் என்ற சட்டமே இல்லை. இங்கே முன் சீற்றுக்கு 1983 ஜனவரி 31லிருந்து கட்டாயம். ஆகவே அங்கே போகும் வாகனத்தின் எயார்பாக், முழங்கால் முட்டும் இடம் எல்லாம் பெல்ற் இல்லாதவனையும் மனதில் வைத்துத்தான் செய்வார்கள். பார்வைக்கு ஒரே டாஷ்போர்ட்தான்.

ரேடியோ: அங்கே எஃப்எம் 88.1, 88.3 என்று ஒற்றைப்படையில் தாவும். இங்கே இரட்டைப்படையிலும் நிலையங்கள் இருக்கின்றன, டாப் என்ற டிஜிட்டல் ஒலிபரப்பும் இருக்கிறது. ஹேண்ட்பிரேக் போட்டால் உங்களுக்கு பிரேக் என்று ஆங்கில எழுத்தில் எரியும், இங்கே வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. இதெல்லாம் சில்லறை. வேகமானி இரண்டு ஊரிலும் மைல் என்பதால் அதில் ஒரு தொல்லையும் இல்லை.

செய்து 10 வருடம் ஆகாத வாகனம் என்றால் ஐவிஏ என்ற தனிச் சோதனை இருக்கிறது. 10 வருடம் கடந்தால் அது தேவையில்லை, எம்ஓடி என்ற வழக்கமான வருடாந்தச் சோதனை காணும். ஆனால் எம்ஓடியிலும் டிப் பீமைப் பார்ப்பார்கள். உங்களுடையது 2018. கணக்கை நீங்களே போடுங்கள்.

பழைய இரும்பு:

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். அண்ணன் சொன்னதைப் படித்ததும் எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவரின் 1977 எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பேரும் அதன் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்போம்.

எம்ஜிபி ஆக்ஸ்ஃபோர்ட் பக்கத்தில் அபிங்டனில் செய்தது. ஸ்விண்டனுக்குப் பக்கத்து ஊர்தான். 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள், அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு வந்தது. கிழவரின் காரில் முன் கண்ணாடிக்கு மூன்று வைப்பர். முதல் தடவை பார்த்தபோது ஒன்று கூடுதலாக யாரோ பொருத்திவிட்டார்கள் என்றே நினைத்தேன். கண்ணாடியில் இத்தனை பங்கு துடைக்கப்பட வேண்டும் என்று 1960களின் கடைசியில் இங்கே சட்டம் வந்தது. எம்ஜிபியின் கண்ணாடி அகலம் அதிகம், உயரம் குறைவு. இரண்டு வைப்பருக்கு எட்டவில்லை. அதனால் இங்கே வந்த காருக்கு மட்டும் மூன்று. சொந்த ஊரில் இரண்டோடு ஓடியது.

எஞ்சின் அதே 1798 சிசி. அங்கே இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். இங்கே புகைச் சட்டத்துக்காக 1975லிருந்து ஒரே ஒரு ஸ்ட்ராம்பெர்க். அங்கே 80க்கு மேல் குதிரை, இங்கே 60 சொச்சம். கிழவர் மேடு ஏறும்போது காரைத் தட்டிக்கொடுப்பார்.

எனக்குப் பிடிக்காத பகுதி பம்பர். இங்கத்திய மோதல் விதிக்காக 1974இல் அழகான குரோமியம் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பரை மாட்டினார்கள். விளக்கு, பம்பர் உயர விதிக்காக காரையே சற்று உயரத் தூக்கினார்கள். வளைவில் சாய ஆரம்பித்தது. இரண்டு விதமாகச் செய்வது கட்டுப்படியாகாது என்று பிரிட்டன் காருக்கும் அதே ரப்பர், அதே உயரம். வாஷிங்டனில் போட்ட சட்டத்துக்கு யார்க்‌ஷயர்க்காரன் தன் காரைத் தூக்கிக்கொண்டான். ராலேக்காரரே, உங்கள் சிவிக் விஷயத்தில் இந்த அநியாயம் நடக்கவில்லை, அதுவரை சந்தோஷம்.

ராலேக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி டார்ச் எடுத்துப் போய் ஸ்டிக்கரைப் படித்தேன். கராஜ் அண்ணன் சொன்ன வரி அப்படியே இருக்கிறது. ஏழு வருடத்தில் ஒரு முறைகூட அந்தக் கீழ் வரியைப் படித்ததில்லை. காரேஜ் கதவுக்கு முன்னால் டிப் பீமும் போட்டுப் பார்த்தேன். வலப்பக்கம்தான் ஏறுகிறது. மனைவி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, நடுராத்திரியில் கதவுக்கு லைட் அடித்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

கப்பல் கூலி, இரண்டு முன் விளக்கு, பின் விளக்கு வேலை, சோதனைக் கட்டணம் எல்லாம் கூட்டியதில் மனசு கொஞ்சம் இறங்கிவிட்டது. இங்கேயே விற்றுவிட்டு, அங்கே இதே தலைமுறை சிவிக் ஒன்று பழையதாக வாங்கலாம் என்று இருக்கிறேன். அங்கே 1.0 என்று ஒன்று இருக்கிறதாமே, இங்கே அது வரவே இல்லை. எதை எடுப்பது?

கராஜ்காரன்:

ஓம், 1.0 மூன்று சிலிண்டர் டர்போ, 129 பிஎஸ். 1.6 டீசலும் இருக்கிறது. நகரத்துக்குள் ஓட 1.0 காணும். ஆனால் நீங்கள் 1.5இல் பழகியவர், மோட்டார்வேயில் முந்தும்போது குறை தெரியும். 1.5 மனுவல் கிடைத்தால் அதையே எடுங்கள். வாங்க முதல் என்னிடம் ஒருக்கால் கொண்டுவாருங்கள், தூக்கிவைத்து வடிவாகப் பார்த்துச் சொல்கிறேன்.

கிளச், பிரேக், அக்சிலரேற்றர் எல்லாம் அதே வரிசைதான், கால் குழம்பாது. கியர் மட்டும் இடக்கைக்கு வந்துவிடும். முதல் இரண்டு கிழமை செக்கண்ட் கியர் போடவென்று வலக்கையால் கதவுக் கைபிடியைப் பிடித்து இழுப்பீர்கள். கதவைப் பூட்டிக்கொண்டு ஓடுங்கள்.