கடவுள் நம்பிக்கை இல்லாத வீட்டுப் பையனைச் சாரணர் படையில் சேர்க்கலாமா?

மழைக்குருவி கேட்கிறார்:

வணக்கம். என் மகனுக்குப் பத்து வயது முடிந்திருக்கிறது. அவனுடைய நெருங்கிய தோழன் சாரணர் படையில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து நாற்காலிக் காலில் முடிச்சுப் போட்டுப் பழகுகிறான். "வலது மேல இடது, இடது மேல வலது" என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போடுவான். மாற்றிப் போட்டுவிட்டால் முடிச்சு கோணலாக நிற்கும், இழுத்தால் வழுக்கும். சரியாக விழுந்தால் இரண்டு பக்கமும் தட்டையாக உட்காரும். அது உட்காரும்வரை விடமாட்டான். இவ்வளவு பொறுமை இவனுக்கு உண்டென்று இப்போதுதான் பார்க்கிறேன்.

நானும் கணவரும் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பக்தர்கள்தான். அவர்களோடு எங்களுக்கு எந்தச் சண்டையும் இல்லை. பிள்ளையிடமும் "வளர்ந்ததும் நீயே யோசித்து முடிவெடு" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். ஆனால் சாரணர் உறுதிமொழி கடவுளுக்குச் செய்யும் கடமையில்தான் தொடங்குகிறது. மூன்று விரலை உயர்த்தி, எல்லார் முன்னாலும், மனமார என்று சொல்ல வேண்டும். கூட்டமும் பிரார்த்தனையோடுதான் ஆரம்பம்.

கணவர் ஒரேயடியாக வேண்டாம் என்கிறார். "நம்பாததை உறுதிமொழியாகச் சொல்ல வைத்துவிட்டு, அப்புறம் பொய் சொல்லாதே என்று எந்த முகத்தோடு அவனிடம் சொல்வது?" என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளை எந்தக் கூட்டத்திலும் ஓரமாக நிற்பவன். பிறந்தநாள் விழாக்களுக்குக் கூட என் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைவான். அவனே ஆசைப்பட்டு ஓர் இடத்துக்குப் போகிறேன் என்று கேட்பது இதுதான் முதல் தடவை. கொள்கை எங்களுடையது. அதற்கு அவன் ஏன் விலை கொடுக்க வேண்டும்? நீச்சல், கராத்தே என்று கணவர் மாற்று வழி காட்டுகிறார். இவனுக்கு வேண்டியது கூடாரமும் அந்தத் தோழனும்.

இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். "அது வெறும் சடங்கு, சொல்லிவிட்டுப் போகட்டும்" என்ற பதில் மட்டும் வேண்டாம். இவன் எதையும் சடங்காகச் சொல்கிற பிள்ளை இல்லை.

பழைய சாரணன்:

சகோதரி, நான் பல வருடம் சாரண ஆசிரியராக இருந்தவன். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள், எந்த அமைப்பு என்று சொல்லவில்லை. பாதி விடை அதில்தான் இருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே இயக்கம். உள்ளே நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் நடத்திய முதல் முகாமில் சுமார் 20 பையன்கள். வசதியான பள்ளிகளில் படித்தவர்களையும் உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளைகளையும் வேண்டுமென்றே கலந்து அணி பிரித்தார். கடவுளுக்கான கடமை அந்தக் காலத்திலிருந்தே உறுதிமொழியில் உண்டு. உலக அமைப்பின் சாசனத்திலும் இன்றுவரை இருக்கிறது.

ஆனால் பிரிட்டன் சாரணர் சங்கம் 2014 தொடக்கத்திலிருந்து, நம்பிக்கை இல்லாதவர்கள் சொல்வதற்கென்றே கடவுள் பெயர் வராத ஓர் உறுதிமொழியை வைத்திருக்கிறது. அங்குள்ள சாரணியர் அமைப்பு 2013-இலேயே எல்லோருக்கும் வாசகத்தை மாற்றிவிட்டது. பாரத சாரண சாரணியர் அமைப்பில், விரும்பினால் கடவுள் என்ற இடத்தில் தர்மம் என்று சொல்லிக்கொள்ள விதியே இடம் தருகிறது. பிரான்சில் மதச்சார்பற்ற சாரணர் அமைப்பு ஒன்று 1911 முதல் இயங்குகிறது. அமெரிக்காவில் பெண் பிள்ளைகளின் சாரணியர் அமைப்பு 1993-இல் அந்தச் சொல்லை அவரவர் நம்பிக்கைப்படி மாற்றிச் சொல்லலாம் என்றது. பையன்களுக்காகத் தொடங்கிய பெரிய அமைப்போ கடவுளுக்கான கடமையை ஏற்பது கட்டாயம் என்பதில் இன்னும் நிற்கிறது. எனவே முதலில் உங்கள் அமைப்பின் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உள்ளூர்ப் படைத் தலைவருக்கே இதெல்லாம் தெரியாமல் இருப்பதுண்டு.

இன்னொன்று. சேர்ந்த அன்றே யாரும் உறுதிமொழி எடுக்க வைப்பதில்லை. பொதுவாகச் சில வாரம் பழகிய பிறகுதான் ஏற்பு விழா. என் படையில் பிரார்த்தனை நேரத்தில் வாய் திறக்காமல் நிற்கும் பையன் ஒருவன் இருந்தான். நேராக நிற்பான், யாரையும் தொந்தரவு செய்ய மாட்டான். நானும் ஏன் என்று கேட்டதில்லை. கயிற்றுப் பாலம் கட்டுவதென்றால் முதல் ஆளாக வந்து நிற்பவன் அவன்தான்.

கறுப்பு மசி:

நான் அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். பதினொரு வயதில், நம்பிக்கை இல்லாமலே அந்த உறுதிமொழியைச் சொன்னவன். முகாம்கள் எனக்கு உயிர். இரவுக் காவலுக்கு எழுப்பிவிடுவார்கள். தீ அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று பேர் விடியும்வரை கிசுகிசுவென்று பேசிக்கொண்டே இருப்போம். அந்த இரண்டு பேரும் இன்றுவரை என் நண்பர்கள்.

ஆனால் அந்த முதல் வரி வரும்போதெல்லாம் உதட்டை மட்டும் அசைப்பேன். கடவுள் என்ற சொல் என்னை ஒன்றும் செய்யவில்லை அக்கா. அதை நம்பவில்லை என்று அந்த இடத்தில் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்ததே, அதுதான் உள்ளே அறுத்தது. உயிரான நண்பர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒளித்து வைக்க வேண்டியிருந்தது.

அதனால் தலைவரிடம் விதியைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "என் பையன் எனக்கு நம்பிக்கை இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "சொல்லட்டும், அதனால் என்ன" என்று வந்தால் தைரியமாகச் சேர்க்கலாம். "அதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும்" என்று சிரித்தால் எனக்குக் கவலைதான். அந்தச் சிரிப்பில் பிள்ளையைத் திருத்திவிடலாம் என்ற எண்ணம் இருக்கிறது.

நேர்வழி:

கறுப்பு மசி சொல்வது சரி. ஆனால் இது உங்கள் பிள்ளையின் மனசாட்சியோடு முடிகிற விஷயம் இல்லை. அந்தக் குழு யாரை உள்ளே விடுவதில்லை என்றும் பாருங்கள். பழைய சாரணன் சொன்ன, பையன்களுக்காகத் தொடங்கிய அந்த அமெரிக்க அமைப்பு ஓரினச்சேர்க்கையாளரான ஒரு தலைவரை நீக்கியது; 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை அமைப்பின் உரிமை என்றது. 2013-இல் பிள்ளைகள் விஷயத்திலும் 2015-இல் பெரியவர்கள் விஷயத்திலும் அந்தத் தடை நீங்கியது. உள்ளே இருந்துகொண்டே எதிர்த்த பெற்றோரும் உண்டு, விலகிப் போனவர்களும் உண்டு. இரண்டு தரப்பையும் நான் மதிக்கிறேன். என்னைக் கேட்டால், கருத்து வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொரு வீட்டுப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்துகிற குழுவில் என் பிள்ளையை விடமாட்டேன்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

நம்பிக்கை பற்றி எல்லாரும் பேசிவிட்டீர்கள். நான் பாதுகாப்பைச் சொல்கிறேன். அதே அமெரிக்க அமைப்பு 2020 பிப்ரவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 80,000-க்கும் மேற்பட்டவர்கள் அந்த வழக்கில் இழப்பீடு கோரினார்கள். அதனால் எந்தக் குழுவாக இருந்தாலும், பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதி உண்டா, கூடாரத்தில் யார் யாரோடு தூங்குவார்கள், பெற்றோர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். கோயில் குழுவோ நாத்திகக் குழுவோ, இதில் எனக்கு வேறுபாடு இல்லை.

மழைக்குருவி:

எல்லோருக்கும் நன்றி. படைத் தலைவரைப் பார்த்துவிட்டு வந்தோம். கணவரும் வந்தார். பாதுகாப்புக் கேள்விகளுக்கு அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. எழுதி வைத்திருந்த விதிகளை எடுத்துக் காட்டினார். எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள் என்றார். எந்தப் பிள்ளையையும் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பி அனுப்பியதில்லையாம்.

கறுப்பு மசி எழுதியதை அப்படியே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "இதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்னால் மற்ற பையன்கள் கேள்வி கேட்பார்கள், நான் பக்கத்தில் இருப்பேன்" என்றார். வாசகத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லையாம். ஆனால் உறுதிமொழி எடுக்காமலே பயிற்சிக்கும் முகாமுக்கும் வரலாம், எடுப்பதா வேண்டாமா என்று பையனே சொல்லட்டும், அவசரமில்லை என்றார். அந்த யோசனையும் அந்தப் பதிலும் எனக்குப் பிடித்தன.

வீட்டுக்கு வந்து மகனிடம் எல்லாவற்றையும் அப்படியே சொன்னோம். "அந்த வரியை நான் அப்புறம் யோசிக்கிறேன்ப்பா. இப்ப போகலாம்ல?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டான். கணவர் சரி என்றார். பிரார்த்தனை விஷயத்தில் அவருக்கு இன்னும் உடன்பாடில்லை. ஆனால் முதல் முகாமுக்குத் துணையாக வரும் பெற்றோர் பட்டியலில் தன் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

ஒன்று மட்டும் பாக்கி. உறுதிமொழி எடுத்தவர்களுக்குத்தான் கழுத்தில் ஸ்கார்ஃப். வரிசையில் இவன் மட்டும் அது இல்லாமல் நிற்பான். ஏன் என்று மற்ற பிள்ளைகள் கேட்டால் பத்து வயதுப் பையன் என்ன சொல்லலாம்? கறுப்பு மசி தம்பி, அந்த வயதில் உங்களிடம் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்க ஆசைப்பட்டிருப்பீர்கள் என்று எழுதுங்கள். அவனிடமே படித்துக் காட்டுகிறேன்.