டர்போ போட்ட பழைய சிட்டி, முதல் டிராக் டே: தீ விஷயத்தில் என்னென்ன பார்க்க வேண்டும்?

தாம்பரம் விடெக்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2003 ஹோண்டா சிட்டி விடெக். அப்பா ஓட்டிய வண்டி, விற்க மனசு வராமல் நானே வைத்துக்கொண்டேன். போன வருஷம் டர்போ போட்டேன், பூஸ்ட் (அது கூடுதலாக ஏற்றும் காற்றழுத்தம்) 0.5 பார்தான், பெட்ரோல் பம்பையும் பெரியதாக மாற்றியாயிற்று. அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நம் வண்டியையே ஓட்டிப் பார்க்கும் ஒரு டிராக் டேக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் காலையில் ஸ்டார்ட் செய்து தெருமுனை வரைக்கும் போவதற்குள் ஏசி வழியாக லேசாகப் பெட்ரோல் வாசனை வந்தது. ஐந்து நிமிஷத்தில் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. டர்போ போட்ட பட்டறையில் சொன்னேன். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, எங்கேயும் ஒழுகவில்லை, பழைய வண்டி என்றால் கொஞ்சம் வாசனை இருக்கத்தான் செய்யும் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் மனைவியும் இதைச் சரிபண்ணாமல் பையனை அந்த வண்டியில் ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டாள், அது நியாயம்தான்.

தீயணைப்பான் இதுவரை வண்டியில் இல்லை. எதை வாங்குவது, எங்கே மாட்டுவது, 1 கிலோ போதுமா? அதற்கு முன்னால், தீயே வராமல் இருக்க எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை ஸ்பேனர்

தம்பி, முதலில் அந்த வாசனை. அது தீரும் வரைக்கும் டிராக்கும் வேண்டாம், ஆபீசுக்கும் அந்த வண்டி வேண்டாம். பெட்ரோல் வண்டியில் பெட்ரோல் வாசனை வரக்கூடாது, 20 வருஷ வண்டியாக இருந்தாலும் சரி. பெட்ரோலின் ஆவி மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடியது, நம் ஊரில் அதற்கு நெருப்பு காட்ட ஒரு சின்னப் பொறி போதும்.

காலையில் குளிர்ந்திருக்கும்போது வந்து, சூடானதும் போய்விடுகிறது என்கிறீர்கள் இல்லையா, அது காய்ந்துபோன ரப்பர் ஹோஸின் குணம். குளிரில் ரப்பர் இறுகி கிளாம்ப் ஓரத்தில் கசியும், இன்ஜின் சூடானதும் ரப்பர் இளகி அடைத்துக்கொள்ளும், கசிந்ததும் ஆவியாகிவிடும். நீங்கள் பட்டறைக்குப் போய்ச் சேரும்போது வண்டி சூடாக இருந்திருக்கும், அவர்கள் கண்ணில் என்ன படும்? அதனால் விடிகாலையில் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்தால் பம்ப் இரண்டு நொடி ஓடி நிற்கும். ஆஃப் செய்து மறுபடி ஆன், இப்படி நாலைந்து தடவை செய்தால் லைனில் முழு பிரஷர் ஏறிவிடும். ஆஃப் செய்துவிட்டு வெள்ளை டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு இணைப்பையும் அடியோடு சுற்றித் துடைத்துப் பேப்பரை மோந்து பாருங்கள். உங்கள் இன்ஜினில் ஃபியூவல் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) பின்பக்கம், ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகடு) ஓரமாக இருக்கும், அங்கே கண்ணால் பார்க்க முடியாது, சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வேண்டும். லைட்டைப் போட்டு ஆராய்கிறேன் என்று பழைய குண்டு பல்பை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள்.

ஹோஸின் மேல் அச்சடித்திருப்பதையும் படியுங்கள். எஸ்ஏஇ 30 ஆர்7 என்று இருந்தால் அது கார்புரேட்டர் காலத்து ஹோஸ், குறைந்த பிரஷருக்கு. இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு 30 ஆர்9 வேண்டும். உங்கள் ரெயிலில் சும்மாவே சுமார் 3 பார் இருக்கும், டர்போ பூஸ்ட் ஏற ஏற ரெகுலேட்டர் அதற்குச் சமமாக அதையும் ஏற்றும். அதோடு இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. ஆர்9-இன் உள்சுவர் வேறு ரகம், தாங்கும். டேங்குக்குள் பம்பை மாற்றும்போது உள்ளே போட்ட துண்டு ஹோஸும் முக்கியம். வெளியே போடும் ஹோஸைப் பெட்ரோலுக்குள் முக்கினால் வெளிப்பக்கம் ஊறிக் கூழாகிவிடும், உள்ளே மூழ்கி இருப்பதற்கென்று ஆர்10 தனியாக வருகிறது. கிளாம்ப் விஷயத்தில், பட்டையில் வெட்டு வெட்டாகத் துளை இருக்கிற சாதாரண கிளாம்ப் வேண்டாம், இறுக்க இறுக்க ரப்பரை அறுத்துவிடும். ஓரம் மடித்த, சுற்றிலும் ஒரே மாதிரி இறுகுகிற இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் கேட்டு வாங்குங்கள்.

பெரிய பம்ப் போட்டிருக்கிறீர்கள், அதற்கு ஒயரிங் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டீர்களா? இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. கம்பெனி ஒயரிங்கில் இன்ஜின் சுற்றுவது நின்றால் இசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) பம்பையும் நிறுத்திவிடும். டர்போ போடுகிறவர்கள் பேட்டரியிலிருந்து தனி ரிலே கொடுத்து, அந்த ரிலேயை இக்னிஷனோடு சேர்த்துவிடுவார்கள், வேலை சுலபம் என்று. அப்புறம் ஹோஸ் பிய்ந்து இன்ஜின் அணைந்தாலும் சாவி ஆனில் இருக்கிற வரை பம்ப் தீயின் மேல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். ரிலேக்குச் சிக்னலைக் கம்பெனியின் பழைய பம்ப் ஒயரிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள், அந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஒயருக்கு பியூஸ் பேட்டரி பக்கத்திலேயே ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், மறுமுனையில் இருந்தால் நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது எதையும் காப்பாற்றாது.

பெட்ரோலை மட்டும் பார்த்துவிட்டு ஆயிலை விட்டுவிடாதீர்கள். 2014-இல் போர்ஷே புதிய 911 ஜிடி3 வண்டிகள் 785-ஐயும் ஓட்ட வேண்டாம் என்று சொல்லி எல்லாவற்றுக்கும் இன்ஜினையே மாற்றிக் கொடுத்தது. கனெக்டிங் ராடு போல்ட் தளர்ந்து, கிராங்க் கேஸ் உடைந்து, வெளியே வந்த ஆயில்தான் பற்றியது. உங்கள் வண்டியில் எக்ஸாஸ்ட் முன்பக்கம், டர்போவும் அங்கேதான். டிராக்கில் நாலு லேப் முழு த்ராட்டிலில் போனால் அதன் எக்ஸாஸ்ட் பக்கம் செக்கச் சிவந்து நிற்கும், 600, 700 டிகிரிக்கு மேல். அதன் தலைக்கு மேலேதான் ஆயில் ஃபீட் லைன் போகிறது. அந்த லைனை டர்போவோடு இணைக்கும் பான்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷரை ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் புதுசு போடுங்கள், பத்து ரூபாய் சமாச்சாரம். லைனுக்கு ஃபயர் ஸ்லீவ் (சூடு தாங்கும் உறை) போடுங்கள். ஆயில் ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், இரண்டு வளையம் சேர்ந்தால் ஓடும்போது பிதுங்கி மொத்த ஆயிலையும் வெளியே அடித்துவிடும். ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

இன்னொன்று, பனியன் வேஸ்ட். வேலை முடிந்ததும் எத்தனை துண்டு எடுத்தோம், எத்தனை திரும்பி வந்தது என்று எண்ணுகிற பழக்கம் என் பட்டறையில் உண்டு. மேனிஃபோல்டுக்கும் ஹீட் ஷீல்டுக்கும் நடுவில் ஆயில் ஊறிய துணி ஒன்று கிடந்தால் போதும். எலிக்கூடும் அதே கணக்குதான், வண்டி பத்து நாள் நின்றிருந்தால் இன்டேக்கின் அடியில் கையை விட்டுப் பாருங்கள், காய்ந்த சருகும் தேங்காய் நாரும் கிடைக்கும், பக்கத்திலேயே கடித்த ஹோஸும் இருக்கும்.

ரெண்டாம் கியர்

ஸ்பேனர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், என் வண்டி எரிந்ததால் தெரிந்துகொண்டது.

ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் பார்க்க உறுதியாக இருக்கும், நானும் பெட்ரோல் லைன் முழுக்க அதையே போட்டிருந்தேன். அந்தப் பின்னல் ஒரு அரம் மாதிரி என்று அப்போது தெரியாது. இன்ஜின் ஆட ஆட, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயரின் மேல் உரசி, அதன் ரப்பரைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. எத்தனை மாதம் என்று தெரியவில்லை. ஒரு நாள் ராத்திரி ஹைவேயில் செப்புக் கம்பி வெளியே வந்து பின்னலைத் தொட்டது. பின்னல் பாடியோடு எர்த் ஆகியிருக்கிறது, ஸ்டார்ட்டர் ஒயருக்கோ பியூஸ் கிடையாது. வெல்டிங் வைத்த மாதிரி ஹோஸில் ஓட்டை, உடனே தீ. ஒரே நொடியில் பொறியும் பெட்ரோலும் ஒரே இடத்தில்.

நான் செய்த பெரிய தப்பு அதற்கு அப்புறம்தான். ஓரங்கட்டி இறங்கி, பதற்றத்தில் பானெட்டை முழுசாகத் தூக்கிவிட்டேன். உள்ளே காற்றில்லாமல் திணறிக்கொண்டிருந்த தீ என் முகத்துக்கு எழுந்தது. புருவமும் முன்முடியும் போனது, வலது முன்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. அரை நிமிஷம் கழித்து டயர் வெடித்தது, அதற்குள் நான் தள்ளிப் போயிருந்தேன்.

அதனால் பானெட் லீவரை உள்ளேயிருந்து ஒரு தடவை இழுங்கள், அவ்வளவுதான். முதல் கொக்கியில் நின்று ஒரு விரல் இடைவெளி வரும், அந்த இடுக்கு வழியாகத் தீயணைப்பானை அடியுங்கள், இல்லையென்றால் வீல் ஆர்ச் பக்கமாக, கீழேயிருந்து. 1 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் மொத்தமே 8, 10 நொடிதான் வரும். அது தீயை அடக்கும், ஆனால் சூட்டைத் தணிக்காது, சொட்டுகிற பெட்ரோல் சூடான மேனிஃபோல்டில் விழுந்தால் மறுபடி பற்றும். அந்த இரண்டாவது பற்றலுக்குக் கையில் மிச்சம் இருக்க வேண்டும். நான் இப்போது 2 கிலோ ஏபிசி ஒன்று, ஏஎஃப்எஃப்எஃப் நுரை ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறேன். நுரை பெட்ரோலின் மேல் படலமாகப் படிந்து ஆவியை மூடும், சூட்டையும் கொஞ்சம் எடுக்கும். கார்பன் டை ஆக்சைடு திறந்த வெளியில் காற்றோடு போய்விடும், காருக்கு அதை நம்ப வேண்டாம். வெறும் தண்ணீரைப் பெட்ரோல் தீயில் ஊற்றாதீர்கள், எரிகிற பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து பரவும்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15683 எண்ணும் பாருங்கள். மாதத்துக்கு ஒரு தடவை கழற்றித் தலைகீழாகப் பிடித்து அடியில் தட்டுங்கள், வண்டி அதிர்வில் பவுடர் கீழே இறுகிக் கல் மாதிரி ஆகிவிடும், முள் பச்சையில்தான் நிற்கும், அடித்தால் வெறும் காற்று வரும். மாட்டுவது இரும்பு பிராக்கெட்டில், போல்ட் போட்டு. கேபிள் டையில் கட்டினால் பிரேக் அடிக்கும்போது உருண்டு பெடலுக்கு அடியில் போய் நிற்கும், அது தீயைவிட மோசம்.

மஞ்சள் கொடி

நான் சில வருஷமாக ரேஸ் நாட்களில் மார்ஷலாக (டிராக் ஓரத்தில் பாதுகாப்பைக் கவனிக்கிறவர்) நிற்கிறேன். இங்கே எல்லோரும் வண்டியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், நான் ஓட்டுகிறவரைப் பற்றிச் சொல்கிறேன்.

தயவுசெய்து ஜிம்முக்குப் போடுகிற பாலியஸ்டர் டிஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வராதீர்கள். சூட்டில் அது உருகித் தோலோடு ஒட்டும், ஆஸ்பத்திரியில் அதைப் பிரித்து எடுப்பதை நினைத்துப் பாருங்கள். தீ தாங்கும் ரேஸ் சூட் வாங்க வசதியில்லை என்றால் முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், பருத்தி சாக்ஸ். முடிந்தால் ஒரு நோமெக்ஸ் (எளிதில் தீப்பற்றாத துணி) சூட்டும் கிளவுஸும். எஸ்எஃப்ஐ 3.2ஏ/5 என்ற தரக் குறியீடு போட்ட சூட் சுமார் 10 நொடி வாங்கித் தரும். கேட்கக் குறைவாக இருக்கும், வெளியே வர அது போதுமான நேரம். 2020 நவம்பர் 29 பஹ்ரைனில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் குரோஜான் கிட்டத்தட்ட 28 நொடி தீக்குள் இருந்து தானே ஏறி வெளியே வந்தார், காயம் பெரும்பாலும் கைகளில்தான்.

வெளியே வருவதைப் பழகுங்கள். வீட்டு வாசலில் ஹெல்மெட்டும் கிளவுஸும் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து இறங்குங்கள். புகையில் கண் தெரியாது, அதனால்தான் மூடச் சொல்கிறேன். பத்து தடவை செய்தால் கை தானாகப் போகும். டிராக்கில் கண்ணாடியை இறக்கியே வைத்திருங்கள், ஒயர் எரிந்தால் பவர் விண்டோ இறங்காது.

ஓடும்போது புகையோ பின்னால் கண்ணாடியில் வெளிச்சமோ தெரிந்தால் பிட் வரைக்கும் கொண்டுவரப் பார்க்காதீர்கள். இருங்காட்டுக்கோட்டை முழு டிராக் 3.7 கிலோமீட்டர், பாதி சுற்று ஓட்டினாலே காற்று வீசி வீசித் தீயை வளர்த்துவிடும். அடுத்த மார்ஷல் போஸ்ட் பக்கத்தில், காய்ந்த புல் இல்லாத இடமாக நிறுத்தி, சாவியை ஆஃப் செய்து, பானெட் லீவரை இழுத்துவிட்டு இறங்குங்கள். எங்களிடம் பெரிய சிலிண்டர்கள் இருக்கின்றன. நீங்கள் இறங்கிவிட்டீர்கள் என்று தெரிந்தால்தான் நாங்கள் தீயைக் கவனிக்க முடியும், அதுவரை எங்கள் கண் உங்கள் மேல்தான். செஷன் முடிந்ததும் ஒரு லேப் மெதுவாக வந்து, பிட்டில் இரண்டு நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள்.

இன்ஷூரன்ஸ் பாலிசியையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். டர்போ போட்டதைச் சொல்லியிருக்கிறீர்களா, டிராக்கில் நடப்பதற்குப் பணம் தருவார்களா என்று முன்னாலேயே தெரிந்திருப்பது நல்லது.

தாம்பரம் விடெக்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை ஐந்தரை மணிக்கு எழுந்து ஸ்பேனர் அண்ணா சொன்னபடியே இக்னிஷனை ஐந்து தடவை ஆன் செய்தேன். டிஷ்யூவை ரெயிலுக்கு வரும் ஹோஸின் பின்பக்கம் விட்டுத் துடைத்தேன், ஈரமாக வந்தது, வாசனை குப்பென்று அடித்தது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் கிளாம்ப் ரப்பருக்குள் பாதி இறங்கியிருக்கிறது, அந்த ஓரத்திலேயே நகத்தளவு வெடிப்பு. ஹோஸில் 30 ஆர்7 என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது. டர்போ போட்டபோது புதிதாக மாற்றிய ஹோஸ் அது, ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கையெல்லாம் நடுங்கிவிட்டது, இதே வண்டியில்தான் தினமும் பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன்.

பம்ப் ரிலேயும் நீங்கள் பயந்த மாதிரியேதான், இக்னிஷனோடு சேர்த்திருக்கிறார்கள். நான் ஆன் செய்த ஐந்து தடவையும் பம்ப் இரண்டு நொடியில் நிற்கவே இல்லை, சாவியைத் திருப்பும் வரை ஓடிக்கொண்டே இருந்தது. டிராக் டேயை அடுத்த தடவைக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதுமா?

கோவை ஸ்பேனர்

போதாது. ஒரு துண்டு ஆர்7 போட்டவர் டேங்கிலிருந்து வரும் எல்லாத் துண்டுக்கும் அதே சுருளிலிருந்துதான் வெட்டியிருப்பார். ரிட்டர்ன் லைன், டேங்குக்குள் இருக்கும் துண்டு உட்பட எல்லாவற்றையும் மாற்றுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பிரஷரை இறக்கிவிட்டு வேலையை ஆரம்பிக்கணும், அதுவும் திறந்த வெளியில். முடிந்ததும் ராத்திரி முழுக்க நிறுத்தி விடிகாலையில் மறுபடி டிஷ்யூ வைத்துப் பாருங்கள், இப்படி மூன்று நாள்.

வெடித்த அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி. அதை அந்தப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்து, அச்சடித்திருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். அதே சுருளிலிருந்து வேறு யார் வண்டிக்கெல்லாம் வெட்டிப் போட்டார்கள் என்று மட்டும் கேளுங்கள், அவர்களுக்கும் இன்றைக்கே போன் போக வேண்டும்.