‘கேஷ் ஃப்ளோ’வுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

திருப்பூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை மாணவர்களுக்குத் தொழில்முனைவுக் கையேடு ஒன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முதலீடு, அடக்கவிலை, தேய்மானம் எல்லாம் முடிந்து, கைக்குப் பணம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதைச் சொல்லும் ‘கேஷ் ஃப்ளோ’வில் வந்து நிற்கிறேன்.

என் மாணவி ஒருத்தியின் அம்மா வீட்டிலேயே நாலு மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கிறார். அவருடைய கணக்கு நோட்டை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். 2,000 பீஸ், பீஸுக்கு 15 ரூபாய், ஆக 30,000. கூலி, நூல், கரண்ட் எல்லாம் சேர்த்து 24,000. மிச்சம் 6,000 லாபம் என்று அடியில் இரட்டைக்கோடு. பணம் வர 60 நாள் ஆகும். கூலியோ சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். நோட்டின் ஓரத்தில் பென்சிலில் ‘வளையல் 20,000’ என்று எழுதியிருந்தது. “லாபம்னா எதுக்கு மிஸ் வளையலை அடகு வச்சாங்க?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கான பாடம் இது.

‘வரவு செலவு’ என்றால் தவறாகிவிடும். அடகு வைத்து வாங்கிய 20,000 கைக்கு வந்த பணம், ஆனால் வருமானம் இல்லை. மெஷின் பழசாகி மதிப்புக் குறைவதற்கு எழுதும் தேய்மானம் செலவுதான், ஆனால் கையை விட்டு எதுவும் போவதில்லை. ‘பணப்புழக்கம்’ நாட்டில் சுற்றும் பணத்துக்கு என்று பொருளியலில் நிலைத்துவிட்டது. வழி சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

அம்மா, வள்ளுவர் எப்போதோ கொடுத்துவிட்டாரே! ‘ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை’ (478). பொருள் வருகின்ற வழி ஆகாறு, போகின்ற வழி போகாறு. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படையில் இருப்பதும் அதுதான். அதே ஆறு நீரோடும் ஆறும் ஆகும். வழியும் ஓட்டமும் ஒரே சொல்லுக்குள் அடங்க வேறென்ன வேண்டும்? ‘ரொக்க ஓட்டம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ரகரம் மொழிக்கு முதலில் வராது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே ‘காசுப் பாய்ச்சல்’ என்றுதான் படித்தோம். கணக்கீட்டில் ‘காசுப்பாய்ச்சல் கூற்று’ என்று ஆண்டுக்கணக்காக எழுதி வருகிறோம், ஒருவரும் தடுமாறினதில்லை. இரண்டு கரைக்கும் ஒரே சொல் இருந்தால் எவ்வளவு நல்லது.

திருப்பூரிலிருந்து:

ஐயா, ‘ஆகாறு’ என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். பின்வரிசையில் ஒருவன் ‘ஆகாது’ என்று வாசித்தான். ‘பாய்ச்சல்’ என்றதும் பிள்ளைகளுக்குப் புலிதான் நினைவுக்கு வருகிறது.

சென்னையிலிருந்து:

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறோமே, அதில் புலி எங்கே வந்தது? என் ஓட்டு ‘காசு’க்கு. சீனக் காசையும் நம் காசையும் ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்றது நம் சொல் போர்த்துக்கீசியர் வாய்வழிப் போய்ச் சேர்ந்ததால்தான். கைரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு. அது பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் ஒலியில் ஒன்றாகிவிட்டன. பழைய சென்னை நாணயக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய் வந்தபின் அந்தக் கணக்கு போயிற்று, காசு என்ற சொல் போகவில்லை. அதனால் ‘காசோட்டம்’ என்கிறேன்.

கோவையிலிருந்து:

நான் தணிக்கையாளர். ‘கேஷ் ஃப்ளோ’ என்றே தமிழெழுத்தில் போடுங்கள். நாளைக்கு அந்தப் பெண் கடனுக்குப் போனால் வங்கியில் இதே சொல்லால்தான் கேட்பார்கள். இன்னொன்று, சொல்லைவிட இது முக்கியம்: அந்த அம்மா உத்யம் (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்திருக்கிறாரா? 2006ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்குமேல் பணத்தை இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. கையேட்டில் இதற்கு ஒரு பெட்டிச்செய்தி கட்டாயம் வேண்டும்.

சிவகங்கையிலிருந்து:

எங்கள் கண்மாயைப் பாருங்கள். தண்ணீர் வருவது வரத்துக்கால், போவது மடை, நடுவில் நிற்பது இருப்பு. கோயம்பேட்டில் தக்காளி வந்தாலும் ‘வரத்து’தான். போவதையும் வருவதையும் சேர்த்துப் ‘போக்குவரத்து’ என்று ஏற்கெனவே சொல்கிறோம். ‘பண வரத்து’, ‘பணப் போக்கு’, இரண்டும் சேர்ந்தால் ‘பண வரத்துப்போக்கு’. வகுப்பில் இப்படிச் சொல்லுங்கள்: லாபம் விளைச்சல், பண வரத்து தண்ணீர். தையில் நல்ல விளைச்சல் வரும் என்பதற்காக ஐப்பசியில் பயிர் தண்ணீரில்லாமல் நிற்குமா? தண்ணீருக்காகத்தான் அந்த அம்மா வளையலை வைத்தார்.

பாளையங்கோட்டையிலிருந்து:

கண்மாய் உவமை அருமை, மறுக்கவில்லை. ஆனால் ‘வரத்துப்போக்கு’ என்றால் ஆள் வந்து போகிற நடமாட்டம் அல்லவா தோன்றுகிறது? ‘ஆகாறு’ பழகாத சொல் என்கிறீர்கள். ‘பேருந்து’ம் ஒருநாள் பழகாமல் இருந்ததுதான். பதினாறு வயதில் சொல்லிக் கொடுக்காவிட்டால் பிறகு யார் பழக்குவது?

திருப்பூரிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நோட்டை மறுபடி பிரித்து, வரத்து ஒரு பத்தி, போக்கு ஒரு பத்தி, இருப்பு ஒரு பத்தி என்று வாரவாரியாகப் பிள்ளைகளையே எழுதச் சொன்னேன். முதல் சனியிலேயே இருப்பு கீழே இறங்கிவிட்டது. வளையல் எந்தப் பத்தியில் வரும் என்று அந்தப் பெண்ணே சொன்னாள். ஆகவே ‘பண வரத்துப்போக்கு’ என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘காசுப் பாய்ச்சல்’, ‘கேஷ் ஃப்ளோ’ இரண்டும் அடைப்புக்குள் வரும். 478ஆம் குறள் பாடத்தின் தலையில் நிற்கும் ஐயா. கலைச்சொல்லாக வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. 45 நாள் பெட்டிச்செய்தியும் சேர்த்துவிட்டேன்.

பாளையங்கோட்டையிலிருந்து:

குறளைத் தலையில் வைத்துவிட்டு அதன் சொல்லை வாசலுக்கு வெளியே நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அடைப்புக்குள் இடம் தந்ததற்கு நன்றி. அடுத்த பாடம் நீங்கள் ‘நடைமுறை மூலதனம்’ என்பது தானே? நாங்கள் ‘தொழிற்படு மூலதனம்’ என்போம். அதையும் இப்போதே பேசிவிடுவோமா?