புதுப்பிப்பு: காரில்லாமல் ஒஸ்தூனி, போய் வந்தாச்சு

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன், தெற்கு இத்தாலியில் பாரி நகரத்தில் தங்கிக்கொண்டு, ஒஸ்தூனி என்ற மலையூருக்குக் காரில்லாமல் ஒரே நாளில் போய்வர முடியுமா என்று. முடியும். ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்தான், ஆனால் ஸ்டேஷன் கீழே, ஊர் மலைமேல், நடுவே சில கிலோமீட்டர். பஸ்ஸை நம்பி நின்றேன், வரவில்லை, கடைசியில் டாக்ஸி. நேரம் பார்த்துவிட்டுப் போங்கள்.

தூரத்திலிருந்து பார்த்தால் ஆலிவ் தோப்புகளுக்கு மேலே யாரோ சுண்ணாம்பைக் கொட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. உள்ளே போனால் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்துகள், படிகள், அப்புறம் இன்னும் படிகள். சுவரெல்லாம் அடித்திருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு வெயிலைத் திருப்பி அடிப்பதால் வீட்டுக்குள் குளிர்ச்சி, சந்தில் நமக்குத்தான் கண் கூசுகிறது. 17ஆம் நூற்றாண்டில் பிளேக் பரவாமலிருக்கவும் இதைத்தான் அடித்தார்களாம். உச்சியில் இருக்கும் கதீட்ரல் 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம், முகப்பில் 24 ஆரங்களோடு பெரிய கல் சக்கர ஜன்னல்.

எனக்கு அதையெல்லாம்விட மனதில் நின்றது டெலியா. ஊருக்கு வெளியே ஒரு குகையில் 1991இல் கண்டெடுத்த, சுமார் 28,000 வருடத்துக்கு முந்தைய கர்ப்பிணியின் எலும்புக்கூடு, வயிற்றுக்குள் சிசுவின் எலும்புகளோடு. அவளைப் பற்றி ஊர் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள், தவறவிடாதீர்கள்.

மதியம் பாதிக் கடைகள் மூடிவிடும், சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள், தேய்ந்த கல் வழுக்குகிறது, நான் ஒருமுறை உட்கார்ந்தே இறங்கினேன்.