போர்வை முடிஞ்சது, ஆனா அந்தப் பச்சைத் துண்டு யாருது?

நூலறுந்தவள்:
நாலு வருஷமா இழுத்துக்கிட்டுக் கிடந்த ஒட்டுத்துணிப் போர்வையை இந்தச் சனி ஞாயிறுல முடிச்சுட்டேன். வீட்ல யாரும் இல்ல. போனை அடுத்த ரூம்ல வச்சுக் கதவைச் சாத்திட்டேன். மேல்துணி எப்பவோ தைச்சாச்சு. 5 அங்குலச் சதுரமா வெட்டினது, குறுக்கே 14, நெடுக்கே 16, மொத்தம் 224 துண்டு. பஞ்சு ஷீட்டும் அடித்துணியும் சேர்த்து மிஷின் ஓட்டி முடிச்சதும் போன வருஷம். பாக்கி ஓரப்பட்டி மட்டும்தான். அந்த ‘மட்டும்தான்’ ரெண்டு நாளை முழுசா முழுங்கிடுச்சு. சுத்தி 270 அங்குலம், பின்பக்கம் பூராவும் கைத்தையல்.

சொல்ல வந்தது அது இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மூணாவது முனை திரும்பிட்டேன். ஓரம் தைக்கும்போது மடியில கிடக்கிற துண்டுகளை ஒவ்வொண்ணா பார்த்துக்கிட்டே வருவோம்ல? இது பெரியவளோட முதல் சட்டை, இது தலையணை உறை, இது நான் அளவு தப்பா வெட்டி அழுதது... அப்படியே வந்தா ஒரு பச்சை. கடுகளவு வெள்ளைப் புள்ளி, தொட்டா லேசா சொரசொரன்னு இருக்கு. ஊசி பாதி துணிக்குள்ள நிக்குது, நான் அப்படியே உட்கார்ந்திருக்கேன். மத்த 223 துண்டுக்கும் கதை சொல்லுவேன். இதை வெட்டின ஞாபகமே இல்ல. தையல் மட்டும் என்னோடதுதான், நல்லாத் தெரியுது.

வீட்ல எல்லாரையும் கேட்டாச்சு. யாருக்கும் தெரியல. இப்ப போர்வையை விரிச்சாலே கண்ணு நேரா அங்கதான் போகுது. உங்கள்ல யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

ஊசிமுனை:
அக்கா, பச்சையோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க. எனக்கு வாய்ச்சது சிவப்பு. தொட்டில் அளவுல ஒண்ணு, நடுவுல வெள்ளை நட்சத்திரம். முடிச்ச ஜோர்ல அன்னைக்கே நனைச்சேன். பத்து நிமிஷம் கழிச்சுத் தூக்கினா தண்ணி ரோஸ் கலர்ல இருக்கு, நட்சத்திரத்தோட ஒரு முனை மட்டும் சிவந்து போச்சு. அஞ்சு முனையில ஒண்ணே ஒண்ணு. அஞ்சும் போயிருந்தா டிசைன்னு சொல்லியிருப்பேன். இத்தனைக்கும் அந்தச் சிவப்பை உப்புத் தண்ணில ஒரு ராத்திரி பூரா ஊற வச்சுத்தான் வெட்டினேன்.

கத்தரி:
உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று இன்னும் எத்தனை பேர் நம்புகிறீர்கள்? வினிகரும் அப்படித்தான். பருத்தியில் சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு. ஏற்றி முடித்து விற்பனைக்கு வந்த துணியில் ஒட்டாமல் மிச்சமிருக்கும் சாயத்தை உப்பு பிடித்து வைக்காது, அதை அலசித்தான் வெளியேற்ற வேண்டும். தண்ணீர் தெளிவாகும் வரை அலசுங்கள். பிறகு ஈரத் துணியின் மேல் ஒரு வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை இறங்கினால் அந்தத் துண்டைப் போர்வையில் சேர்க்க வேண்டாம்.

ஏற்கெனவே கசிந்துவிட்டதா? காய வைக்காதீர்கள், இஸ்திரி போடவே போடாதீர்கள், சூடு பட்டால் கறை தங்கிவிடும். பெரிய தொட்டியில் நிறைய வெந்நீர், கொஞ்சம் சலவைத் திரவம். போர்வை முழுக்க மூழ்கிக் கிடக்க வேண்டும், ஒரு மூலைகூட மேலே தலை நீட்டக் கூடாது. தண்ணீர் அதிகமாக இருந்தால் அவிழ்ந்த சாயம் அதிலேயே கலந்து நிற்கும், வெள்ளையில் போய் உட்காராது. மணிக்கணக்கில் ஊறட்டும். தண்ணீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டு மறுபடியும். மூன்று நான்கு முறை ஆகலாம். அலுத்துக்கொண்டு பாதியில் எடுத்தால் அவ்வளவுதான்.

என் அனுபவமா? என் நீலம் கசிந்தது, இப்படிச் செய்தேன், போனது.

ஊசிமுனை:
நான் உலர்த்தி, மடிச்சு, குடுத்தே ரெண்டு வருஷம் ஆச்சுங்க.

பாதி தைத்தவன்:
நான் தைக்கிறவன் என்றால் வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள், அதைப் பிறகு சொல்கிறேன். போன மாதம் இதேபோல ஒரு அமைதியான ஞாயிறு. வரிசைகளை இணைக்கலாம் என்று முதல் இரண்டை எடுத்து அடுத்தடுத்து வைத்தேன். இரண்டிலும் இருபது சதுரம், ஒரே அட்டையை வைத்து வெட்டியது. ஒன்று மற்றதைவிட ஒன்றரை அங்குலம் குட்டை! தரையில் மண்டி போட்டுக்கொண்டு இரண்டு முனைகளையும் மாறி மாறி இழுத்துப் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது, ஏதோ இழுத்தால் நீண்டுவிடும் என்பது போல.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டிய இடத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட விட்டிருக்கிறேன். ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 2 மி.மீ. இருபது துண்டுக்குப் பத்தொன்பது தையல். 38 மி.மீ. போயே போச்சு. மறுநாள் எல்லாவற்றையும் பிரித்தேன். பிரித்த நூலெல்லாம் இன்னும் சாக்ஸில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

பழந்துணி:
பிரிச்சிருக்கவே கூடாது தம்பி. நீளமான வரிசையை வெட்டி விட்டுட்டுப் போயிருக்கணும். அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல கீஸ் பெண்ட்னு ஒரு ஊரு. உழைச்சுத் தேஞ்ச ஜீன்ஸையும் வேலைச் சட்டையையும் கிழிச்சு அந்த ஊர்ப் பொம்பளைங்க தைச்ச போர்வைங்க 2002-ல ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துல சுவத்துல தொங்கிச்சு. 2006-ல தபால்தலையா வந்துச்சு. ஒரு கோடு நேரா இருக்காது. நீங்க 38 மில்லிமீட்டருக்கு ஒரு நாளை வீணாக்கியிருக்கீங்க. எனக்குச் சொந்தக் கதைன்னு ஒண்ணும் இல்ல, நான் எதையும் முடிச்சதே இல்ல.

கத்தரி:
அவர்களைக் காட்டி நம் சோம்பலுக்குப் போர்வை போர்த்த வேண்டாம். அவர்கள் கோணலாக வைத்தது கண்ணால் தேர்ந்து வைத்தது. இவருக்கு வந்தது மிஷினில் துணியை ஒழுங்காக நகர்த்தத் தெரியாததால் வந்த கோணல். இரண்டும் ஒன்றா? தம்பி, மிஷின் தகட்டில் கால் அங்குலத்தில் ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். முதலில் மூன்று துண்டை இணைத்து அளந்து பார்த்துவிட்டு மேலே போங்கள்.

பாதி தைத்தவன்:
டேப் ஒட்டியாகிவிட்டது. சோம்பல் என்று நான் எங்கே சொன்னேன்?

ஓரத்திலிருந்து:
மிஷினே வேணாம்னு கவந்தி முறையில ஒண்ணு ஆரம்பிச்சேன். கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கிற முறை. ஓரத்துல ஆரம்பிச்சு, துண்டுகளை அடித்துணி மேலேயே வச்சு ஓட்டுத்தையல் போட்டுக்கிட்டே சுத்திச் சுத்தி நடுவுக்கு வரணும். மூணு சுத்து வரைக்கும் சொர்க்கம். அஞ்சாவது சுத்துலதான் கவனிச்சேன், நான் நூலை இறுக்கிக்கிட்டே வந்திருக்கேன் போல. கடைசி ஓட்டைக்கு ஒரு துண்டு வைக்கலாம்னு தரையில விரிச்சா, நடுவுல அடித்துணி தொப்பை மாதிரி உப்பிக்கிட்டு நிக்குது. உள்ளங்கையால அமுக்கினா அந்தப் பக்கம் எழும்புது. ஒரு மணி நேரம் அமுக்கி அமுக்கிப் பார்த்தேங்க.

அந்த ஓட்டையை இன்னும் மூடல.

சத்தம் கேட்டவள்:
சுருக்கமா சொல்றேன். ராத்திரி பதினொண்ணு. நாலு துண்டு கூடுற இடம், அடியில தையலெல்லாம் மடிஞ்சு கனமா இருந்துச்சு. ‘டக்’. ஊசி முறிஞ்சது. மேல் பாதி மிஷின்ல இருக்கு, முனையைக் காணோம். மிஷினைக் கழட்டிப் பார்த்தேன், தரையெல்லாம் தேடினேன், போர்வை பூரா காந்தத்தை ஓட்டினேன், மூணு தடவை. கிடைக்கல. அழகா வந்த போர்வை அது. பீரோ மேல மடிச்சு வச்சிருக்கு, யாரையும் மேல போட்டுக்க விடுறதில்ல.

கத்தரி:
14-ஆம் எண் ஊசி போட்டிருக்க வேண்டும். தையல் மடிப்புகளை எதிரெதிர்ப் பக்கமாக இஸ்திரி போட்டுப் படுக்க வைத்திருந்தால் அங்கே கனமே சேர்ந்திருக்காது. கனமான இடம் வந்ததும் காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும்.

சத்தம் கேட்டவள்:
சரிங்க. முனை எங்க?

பழந்துணி:
நூலறுந்தவள், உங்க பச்சையில ஒரு நூல் உருவிக் கொளுத்திப் பாருங்க. பேப்பர் எரியுற வாசம் வந்து சாம்பல் உதிர்ந்தா பருத்தி. உருகி மணி மாதிரி உருண்டா பாலியஸ்டர்.

நூலறுந்தவள்:
பருத்தியா இருந்தா யாருதுன்னு தெரிஞ்சுடுமா? நாலு வருஷம் தைச்சதைக் கொளுத்தச் சொல்றீங்களே!

பாதி தைத்தவன்:
அக்கா, துண்டின் வெட்டு ஓரம் எப்படி இருக்கிறது? நீங்கள் வெட்டியதுதானா என்று அதில் தெரியலாம்.

நூலறுந்தவள்:
நேத்து ராத்திரி தூக்கம் வரல, எந்திரிச்சுப் போய்ப் பிரிச்சுட்டேன். ரெண்டு அங்குலம்தான், ஒரே பக்கம். மடிப்புக்குள்ள இருந்த ஓரத்தை ஊசியால தூக்கிப் பார்த்தேன். பக்கத்துத் துண்டு எப்பவும் போல நேரா வெட்டியிருக்கு. பச்சை மட்டும் பல்லுப் பல்லா, ஜிக்ஜாக் கத்தரியில வெட்டினது.

என்கிட்ட ஜிக்ஜாக் கத்தரி எப்பவுமே இருந்ததில்ல. அப்ப சதுரமா வெட்டியே யாரோ என் பையில போட்டிருக்காங்க. இந்த நாலு வருஷத்துல கூட உட்கார்ந்து தைச்சவங்க மூணு பேரு. ரெண்டு பேரு இல்லன்னுட்டாங்க. மூணாவது ஆளோட நான் இப்ப பேசுறதில்ல.

ஊசிமுனை:
பிரிச்ச இடத்தை மூடிட்டீங்களா? எந்த நூல்ல?

நூலறுந்தவள்:
சாம்பல் கலர். ரெண்டு பக்கமும் தெரியாது. இன்னும் முடிச்சுப் போடல.